எலும்பாகிய தகடு

டில்லியிலும் கல்கத்தாவிலும் நெடுநாளாகக் குடியிருக்கும் நம்மவர்க்கு அம்பாஸடர் மோட்டாரை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை மூலமாகக் கொண்டு, கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் 1950-களின் இறுதியில் உருவாகத் தொடங்கிய அவ்வண்டியின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் நின்றது. பழைய அம்பாஸடர்களைப் பேணி வருவோரைக் கேட்டால், எஞ்சினைக் காட்டிலும் துருவையே பெரும்பகையாகச் சொல்லுவார்கள். அதற்குக் காரணம் அவ்வண்டியின் உடலமைப்பிலேயே இருக்கிறது.

ஆதியில் மோட்டார் வண்டி குதிரை வண்டியின் வாரிசாகவே பிறந்தது. கனத்த எஃகு விட்டங்களாலான 'சேஸிஸ்' சுமை முழுவதையும் தாங்கிற்று. அதன்மேல் மரச்சட்டம் நிறுத்தித் தகடு போர்த்துவது வண்டித் தச்சரின் வேலை. தகட்டில் துரு ஏறினால் சட்டை கிழிந்ததற்கு ஒப்பு. ஒட்டுப் போட்டால் தீர்ந்தது. 1922-இல் காட்சிக்கு வந்த இத்தாலியின் லான்ஸியா லாம்ப்டா இம்முறையிலிருந்து விலகிற்று. 1934-இல் பிரான்ஸின் ஸிட்ரோயன் நிறுவனம், அச்சில் அழுத்தி வளைத்த எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து, தனிச் சட்டமில்லாத முழு உடலைப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கிற்று. மாரிஸ் ஆக்ஸ்போர்டு 1948-இல் அவ்வழிக்கு வந்தது. அம்பாஸடரும் அக்குடும்பமே.

ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள தகடு இத்தனை சுமையை எங்ஙனம் தாங்கும்? தபால் அட்டையைத் தட்டையாகப் பிடித்தால் துவளும்; பெட்டியாக மடித்தால் நிமிர்ந்து நிற்கும். கதவுகளின் அடியில் முன்சக்கரப் பக்கத்திலிருந்து பின்சக்கரப் பக்கம் வரை ஓடும் தகட்டுப் பெட்டி அத்தகையது. அங்குள்ள வடிகால் துளைகள் சேற்றினால் அடைபட்டால் நீர் உள்ளேயே தங்கும். இரு தகடுகள் படிந்திருக்கும் விளிம்பில் ஈரம் ஊறும். துரு இரும்பைவிட மிகுந்த இடம் கொள்வதால் இணைப்பையே பிளந்து பிதுக்கும். வெளியில் வர்ணம் கொப்புளிக்கும்போது உள்ளே தகட்டின் பெரும்பகுதி போயிருப்பதும் உண்டு.

இதனைச் சீர்செய்யும் தொழிலை நாம் 'டிங்கரிங்' என்போம்; டில்லியில் 'டென்டிங்' என்றால்தான் விளங்கும். ஓட்டையில் பட்டி அப்பி, தேய்த்து, வர்ணம் பூசிக் கொடுத்துவிடுவாரும் உளர். பட்டி சுமை தாங்காது. ஈரத்தையும் உள்ளே சிறை வைக்கும். இதனைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வஞ்சனை என்றே சொல்லுவேன். தேர்ந்த தொழிலாளி முதலில் வண்டியின் உடலுக்கு முன்னும் பின்னும் முட்டுக் கொடுப்பார். கதவு வாயிலுக்குக் குறுக்கே கம்பி பற்றவைத்து, இடைவெளிகளை அளந்து குறித்துக்கொள்வார். அதன் பின்னரே வெட்டு. அதுவும் பளபளக்கும் நல்ல இரும்பு தெரியும் வரையில். புதுத் தகட்டைப் பழைய மடிப்புகளோடு வளைத்து, சூட்டினால் அது கோணாதபடி சிறிது சிறிதாக இடம் மாற்றிப் பற்றவைப்பார். முட்டுக் கொடாமல் வெட்டினால் உடல் தொய்யும். தொய்ந்தபடியே பற்றவைத்தால் கதவு பின்னர் ஒருநாளும் ஒழுங்காகச் சாத்தாது.

இங்கிலாந்தில் 1960-இல் பழைய வண்டிகளுக்குக் கட்டாயப் பரிசோதனை வந்தபோது தடையும் விளக்கும் திருப்புகருவியுமே பார்க்கப்பட்டன. உடற்கட்டின் நிலை 1977-இல்தான் சேர்ந்தது.

நம் நாட்டில் 2021-இல் வெளியான மத்திய விதிகள், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வாகனங்களாகப் பதிவு செய்ய வழிசெய்தன. முதல் அம்பாஸடர்கள் அவ்வயதைக் கடந்தவை. ஆனால் சேஸிஸிலோ உடற்கூட்டிலோ மாற்றம் செய்திருத்தல் ஆகாது என்பது நிபந்தனை. சட்டச் சொற்களோடு அன்றாடம் மல்லாடும் எனக்கு இந்த 'மாற்றம்' என்னும் சொல் உறுத்துகிறது. அதே வடிவில், அதே கனத்தில் தகட்டைப் புதுப்பித்தல் பழுதுபார்ப்பே என்பது என் கருத்து. அரித்த பெட்டியை அப்படியே விட்டு, அடியில் கனத்த ஆங்கிள் இரும்பைப் பற்றவைத்துத் தாங்கச் செய்வதுதான் மாற்றம். ஆகவேதான் விவரமறிந்த உரிமையாளர்கள் வெட்டுமுன்னும் வெட்டிய பின்னும் படமெடுத்து, கழித்த தகட்டின் ஒரு துண்டையும் பத்திரப்படுத்துகிறார்கள்.