பேர்லின் நகரத்து அறுவர்

இசைக் கலைஞரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவர்தம் குரல்வளத்தையே பேசுவர். அக்குரல் எத்தகைய சமுதாயத்தில், எவருடைய அனுமதியுடன் ஒலித்தது என்று கேட்போர் சிலரே. ஜேர்மனியிற் புகழ்பெற்று விளங்கிய 'கொமேடியன் ஹார்மனிஸ்ட்ஸ்' என்னும் பாடகர் குழுவின் கதையை இக்கேள்வியின்றி நாம் விளங்கிக்கொள்ளல் இயலாது.

1927 டிசம்பரில் ஹரி புறோமர்மன் என்ற இளைஞர், பாடகர் தேவையெனப் பேர்லின் பத்திரிகையொன்றில் விளம்பரஞ் செய்தார். அமெரிக்காவின் 'றெவலர்ஸ்' குழுவினரே அவருக்கு ஆதர்சம். பல்கேரியரான லெஷ்னிக்கோவ், போலந்திற் பிறந்த சிக்கோவ்ஸ்கி, ஜேர்மனியிற் பிறந்த பிபேர்ட்டி, கொலின், பியானோக் கலைஞர் பூட்ஸ் ஆகியோர் அவருடன் இணைந்தனர். ஊதியமின்றிப் பல மாதங்கள் பயின்று, 1928 செப்டெம்பரில் முதன்முதலாக மேடையேறினர்.

நமது சங்கீதத்தில் இராகத்தின் ஒற்றை ஓட்டமே முதன்மை பெறும். மேனாட்டு ஒத்திசையிலோ வெவ்வேறு சுரங்கள் ஒரே வேளையில் ஒலித்து ஒன்றையொன்று தாங்கும். ஒருவர் தங்குரலை மிகைப்படுத்தினால் பாட்டு முழுவதுங் குலையும். இக்கட்டுப்பாட்டில் இவ்வறுவரும் வல்லவராயினர். வாத்திய ஓசைகளைத் தொண்டையினாலேயே எழுப்பினர். றொசினியின் 'செவில் நகரத்து நாவிதன்' இசைநாடக முன்னிசையைக்கூடக் குரல்களாற் பாடிக்காட்டினர்.

1932 இன் தொடக்கத்தில் ஜேர்மனியில் வேலையற்றோர் தொகை அறுபது இலட்சத்தை எட்டியிருந்தது. அக்காலத்தில் இவர்கள் பாடியவை காதலும் கேலியும் கலந்த மெல்லிய பாடல்களே. இசைத்தட்டு, வானொலி, திரைப்படம் ஆகியவற்றின் வழியாக அவை எங்கும் பரவின. இவர்கள் அரசியற் பாடகரல்லர். ஆயின் அரசியலை விட்டு விலகி நின்றோரை அரசியல் விட்டுவைத்ததா?

1933 இல் ஹிட்லர் ஆட்சிபீடமேறினான். அவ்வாண்டு நவம்பரில் அரச இசைச் சபை நிறுவப்பட்டது. அதன் அங்கத்துவமின்றி எவரும் இசைத்தொழில் புரியலாகாது என்பது விதி. புறோமர்மன், சிக்கோவ்ஸ்கி, கொலின் ஆகிய மூவரும் யூத வம்சத்தினர். ஞானஸ்நானம் பெற்ற கிறித்தவராகிய கொலினும் யூதராகவே கணிக்கப்பட்டார். இனவெறி அவரது நம்பிக்கையை நோக்கவில்லை, பாட்டன் பாட்டியின் பிறப்பையே நோக்கிற்று. 1934 மார்ச்சில் மியூனிச் நகரிற் பாடியதே ஜேர்மனியில் அறுவரும் நடத்திய இறுதிக் கச்சேரி. 1935 இல் யூத வம்சத்தினருக்கு அங்கத்துவம் மறுக்கப்பட்டது. குழு இரண்டாய்ப் பிளந்தது.

வெளியேறிய மூவர் வியன்னாவிற் புதியவரைச் சேர்த்துப் பாடினர். 1938 இல் ஒஸ்திரியாவும் ஹிட்லர் வசமாக, அப்புகலிடமும் பறிபோயிற்று. எஞ்சிய மூவர் பேர்லினில் ஜேர்மன் பெயர் சூடிய குழுவொன்றை நடத்தினர். யூதக் கவிஞரும் இசையமைப்பாளரும் ஆக்கிய பாடல்கள் அவர்களுக்கு விலக்கப்பட்டன. 1941 உடன் இரு குழுக்களும் மறைந்தன. போலந்திலிருந்த சிக்கோவ்ஸ்கியின் தந்தை நாஸிகளாற் கொல்லப்பட்டார். மகனோ அமெரிக்காவில் யூத ஆலயப் பாடகரானார். 1976 இல் வெளிவந்த ஃபெக்னரின் ஆவணப்படம் இவர்களை மீண்டும் நினைவூட்டிற்று. ஆனால் அறுவரும் மறுபடி ஒன்றாய்ப் பாடவேயில்லை.

பேர்லினில் எஞ்சியோரைத் தூற்றுதல் எளிது. எனினும் அப்பாடல்களை முணுமுணுத்துத் திரிந்த பெருந்தொகையினர், பாடியோர் விலக்கப்பட்டபோது மௌனமாயிருந்தனர் என்பதையும் நாம் சேர்த்தே எண்ணவேண்டும். கலையை நேசிப்போர் கலைஞனின் வாழும் உரிமைக்காகக் குரல் கொடுக்கத் தவறுவாராயின், ஒரு சபையின் அங்கத்துவ விதியே ஒரு கலையை அழிக்கப் போதுமானதாகிவிடும்.