பேய்க்கதை கேட்டீர்களே பிள்ளைகளா: கமலாம்பாள் முதல் காதுகள் வரை



"சார், பேய், சாமி, பூர்வஜென்மம் எல்லாம் வர்ற நல்ல நாவலா நாலு சொல்லுங்க" என்று பழைய மாணவர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். வெறும் பெயர்ப் பட்டியல் கொடுத்தால் வாத்தியார் வேலை முடிந்ததாகாது. எந்த நாவல் எப்போது வந்தது, அதில் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான். காபியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நம் மண்ணைப் பார்ப்போம். வருஷத்தில் பாதி நாள் வயலில் தண்ணீர் நிற்கும் சீமை இது. இருட்டில் சேற்று நிலத்தின் மேல் நெருப்புத் தெரிந்தால் கொள்ளிவாய்ப் பிசாசு என்பார்கள். சேற்றில் மக்கும் தழையிலிருந்து வரும் வாயு எரிவதுதான் அது என்று அறிவியல் பாடம் சொல்லும். வகுப்பில் பாடத்தை ஒப்பித்த பையனும், வீட்டுக்குப் போகையில் முனீஸ்வரன் கோயிலைத் தாண்டும்போது நடையை எட்டிப் போடுவான். இரண்டும் நம்மிடம் சேர்ந்தேதான் இருக்கின்றன.

நம் ஒரத்தநாட்டுச் சத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் சரபோஜி மன்னர் தன் அன்புக்குரிய முத்தம்மாள் நினைவாக 1800களின் தொடக்கத்தில் கட்டியது. தன் பெயரில் ஒரு சத்திரம் வேண்டும் என்று அந்த அம்மாள் கடைசி நேரத்தில் கேட்டதாகச் சொல்வார்கள். முத்தம்பாள்புரம் என்று ஊருக்கே பெயர் வந்தது. இறந்தவரின் ஆசை இருப்பவரை வேலை வாங்கும் என்பதற்கு நம் ஊரில் கல்லிலேயே சாட்சி இருக்கிறது.

இனி நாவலுக்கு வருவோம். தமிழின் முதல் நாவல் 1879இல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்'. எழுதியவர் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை. அடுத்து வந்த பெரிய நாவல் ஆன்மிக நாவல்தான். வத்தலக்குண்டு ராஜம் ஐயர் எழுதிய 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வந்தது. தொடங்கும்போது அவருக்கு வயது இருபதுதான் தாண்டியிருந்தது. பணமும் மதிப்புமாக இருந்த முத்துஸ்வாமி ஐயர் வம்புப் பேச்சாலும் அபவாதத்தாலும் எல்லாம் இழந்து, சாகத் துணிந்து, ஒரு குருவால் கரை ஏறுகிறார். அதே காலத்தில், 1897இல், இங்கிலாந்தில் 'டிராகுலா' வெளியானது. அங்கே ரத்தம் குடிக்கும் பிரபு. இங்கே ஊர் வாய். எது பெரிய பிசாசு என்று படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். ராஜம் ஐயர் 1898இல், 26 வயதில் மறைந்துவிட்டார்.

பூர்வஜென்மம் வேண்டுமென்றால் கல்கி. மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்துக்காரர். 'பொன்னியின் செல்வன்' எல்லோரும் படித்திருப்பீர்கள். 'சோலைமலை இளவரசி' படித்தீர்களா? 1942 போராட்டத்தில் போலீசுக்குத் தப்பி இடிந்த கோட்டையில் ஒளியும் ஓர் இளைஞன், நூறு வருஷத்துக்கு முன் அதே இடத்தில் நடந்த கதைக்குள் போய்விடுகிறான். மறுபிறவியை வைத்துக்கொண்டு, ஒரு நாட்டின் விடுதலைப் போராட்டம் ஒரு தலைமுறையில் முடிவதில்லை என்பதையும் சொல்லிவிட்டார்.

சாபம் பற்றி வேண்டுமென்றால் லால்குடி லா.ச. ராமாமிருதத்தின் 'புத்ர'. பெற்ற தாய் மகனுக்கு இடும் சாபத்தில் கதை தொடங்குகிறது. நடை மந்திரம் மாதிரி இருக்கும். அவசரப்படாமல் படிக்க வேண்டும். ஜாதகம், அம்பாள் உபாசனை என்றால் தேவங்குடியில் பிறந்த தி. ஜானகிராமனின் கடைசி நாவல் 'நளபாகம்'. தலைமுறை தலைமுறையாகத் தத்தெடுத்தே வம்சம் வளர்க்கும் வீடு, அங்கே போய்ச் சேரும் உபாசகரான சமையற்காரர். மிரட்டல் எதுவும் கிடையாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று வீடெங்கும் இருந்துகொண்டே இருக்கும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த நாவல். எம்.வி. வெங்கட்ராம் எழுதிய 'காதுகள்'. 1920இல் கும்பகோணத்தில் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் 'மணிக்கொடி'யில் கதை எழுதியவர். பிழைப்புக்குச் சரிகை வியாபாரம். பிற்பாடு வியாபாரம் நொடித்து, எழுத்தே சோறு போட வேண்டிய நிலை வந்தபோது தலைவர்கள் வரலாறு நிறைய எழுதிக் கொடுத்தார்.

கதாநாயகன் மகாலிங்கம். முருகனையே குருவாக நினைப்பவர். நடுவயதில் ஒருநாள் அவர் காதுக்குள் சத்தம் கேட்கத் தொடங்குகிறது. பிறகு குரல்கள். அவை ஆபாசமாகப் பேசுகின்றன, கேலி செய்கின்றன, வணங்கும் தெய்வத்தையே பழிக்கின்றன. பக்கத்தில் இருக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்றும் கேட்பதில்லை. வீட்டில் வறுமை. உள்ளே போர். தாமச சக்திக்கும் சத்துவ சக்திக்கும் நடக்கும் போர் என்று மகாலிங்கம் அதைப் புரிந்துகொள்கிறார். படிக்கிற நமக்கோ அது மனநோய் என்றும் தோன்றும். ஆசிரியர் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை. காரணம், இது அவர் தாமே பல வருஷம் அனுபவித்தது. அதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார். இந்த நாவலுக்கு 1993இல் சாகித்திய அகாடமி விருது கிடைத்தது. 2000இல் அவர் மறைந்தார்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? நம் பக்கத்தில் ஒருவருக்குக் குரல் கேட்டால், காத்து கருப்பு அடித்துவிட்டது என்று முதலில் உடுக்கை அடிப்பவரிடம் போவோம். கதையாக இருக்கும் வரை அது சுவாரசியம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தது. மனநோய் என்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர்கள். தர்காவில் தீர்வு கிடைக்கும் என்று நம்பி வீட்டார் கொண்டுவந்து விட்டவர்கள். நம்பிக்கை அவர்களைக் கொல்லவில்லை, சங்கிலி கொன்றது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது.

குரல் கேட்கும் மனிதர் உள்ளுக்குள் என்ன பாடுபடுகிறார் என்று 'காதுகள்' படித்தவருக்குத் தெரியும். அப்படித் தெரிந்தவர் கையில் சங்கிலி எடுக்க மாட்டார். இதைவிட ஒரு நாவல் என்ன செய்ய வேண்டும்?

உங்களில் பலர் இன்று அப்பா, அம்மா; சிலர் தாத்தா பாட்டியே ஆகிவிட்டீர்கள். வீட்டில் பிள்ளையோ பெரியவரோ "என் காதில் யாரோ பேசுகிறார்கள்" என்றால் சிரிக்காதீர்கள், அடிக்காதீர்கள், மறைக்காதீர்கள். கோயிலுக்கும் கூட்டிப் போங்கள், தடுக்கவில்லை. ஆனால் அதே வாரத்தில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கும் கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக இரண்டு பெயர். 1990களில் 'விடாது கருப்பு' தொடரைப் பார்த்துவிட்டு மறுநாள் வகுப்பில் நீங்கள் பேசிய பேச்சு மறக்குமா! அதை எழுதிய இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் காலமானார். காவல் தெய்வமா, மனசின் கோளாறா என்ற கேள்வியைத்தான் அவரும் ஊருக்கெல்லாம் புரியும்படி கேட்டார். இன்னொன்று ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்', 1997. ஒரு கோயில் நகரத்தின் எழுச்சியும் அழிவும். தடியான புத்தகம், தத்துவ விவாதம் பிடித்தவர்களுக்கு.

புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு என் வரிசை: சோலைமலை இளவரசி, கமலாம்பாள் சரித்திரம், நளபாகம், புத்ர, காதுகள், விஷ்ணுபுரம். காதுகளை மட்டும் இரவில் தனியாகப் படிக்க வேண்டாம். பேய் வரும் என்பதற்காகச் சொல்லவில்லை. படித்து முடித்ததும் யாரிடமாவது பேசத் தோன்றும். அப்போது பக்கத்தில் ஆள் வேண்டும்.

படித்துவிட்டு எனக்கு நாலு வரி எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் இப்போதும் சிவப்பு மையில் சுழிப்பேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.