கறிவேப்பிலை போட்ட ஜின்

சென்ற வாரம் 1942 ஏப்ரல் 9 காலையில், ஜப்பானியத் தளபதி நகுமோவின் விமானங்கள் திருகோணமலையை நெருங்கிக்கொண்டிருந்த வேளையில் கதையை நிறுத்தியிருந்தோம். குண்டு விழுந்த கதையை இந்த வாரம் முடிப்பதாக வாக்கு. ஆனால் அன்று துறைமுகத்தில் என்னென்ன இருந்தன என்ற கணக்கில் இறங்கினால், சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளுக்கும் ஒஸ்டென்பேர்க் கோட்டைப் பீரங்கிகளுக்கும் நடுவே, அதிகாரிகளின் மேசையில் இருந்த ஜின் போத்தல் வழியை மறிக்கிறது. அதைத் தள்ளிவிட்டுப் போகலாம்தான். ஆனால் இந்தத் துறைமுகம் யாருக்காக, எதை, எங்கிருந்து சுமந்தது என்பதை அந்தப் போத்தல் எந்தப் பீரங்கியைவிடவும் தெளிவாகச் சொல்கிறது. இன்று உலகெங்கும் சின்னச் சின்ன வடிசாலைகள் தங்கள் ஜின்னின் ‘பாணி’ என்று எதைப் பெருமையாகச் சொல்கின்றனவோ, அதில் பெரும்பங்கு வடிப்பவரின் கைப்பக்குவம் அன்று. கப்பற்பாதையும் மதுவரியும் சேர்ந்து எழுதியது. இலங்கையில் பிறந்த ஒரு ஜின் அதற்குச் சாட்சி.

பிரித்தானியக் கடற்படையில் அன்று சாதி குடியில் தெரிந்தது. கீழ்த்தட்டு மாலுமிக்கு ரம், அதிகாரிக்கு ஜின். ரம் பங்கீட்டை ஒழுங்குபடுத்திய அட்மிரல் வெர்னன் திருகோணமலைப் பக்கம் வந்ததே இல்லை. ஆனாலும் அவரை விட்டுவிட மனமில்லை. 1739இல் ஆறே கப்பல்களோடு போர்த்தோபெல்லோவைப் பிடித்து, இலண்டன் முழுக்கக் கொண்டாடப்பட்ட மனிதர். 1740 ஓகஸ்டில் மாலுமிகளின் ரம்மில் தண்ணீர் கலக்க உத்தரவிட்டார்: அரைப் பைன்ட் ரம்முக்கு ஒரு குவார்ட் தண்ணீர். அவர் போட்டிருந்த ‘குரோகிராம்’ என்ற முரட்டுத் துணி மேலங்கியால் மாலுமிகள் வைத்திருந்த பட்டப்பெயர் ‘கிழட்டு குரோக்’; அந்தக் கலவைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அடுத்த ஆண்டே கார்த்தஹேனாவில் ஆயிரக்கணக்கானோரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துத் தோற்றுத் திரும்பினார். வெர்னனை நான் வீரர் வரிசையில் வைக்கமாட்டேன். ஆனால் தண்ணீர் கலக்கச் சொன்னதற்காகத் திட்டுபவர்களின் பக்கமும் நிற்கமாட்டேன். அவர் ஒழுங்குபடுத்திய பங்கீடு 1970 ஜூலை 31வரை நீடித்தது.

மேல்தட்டுக்கு வருவோம். அதிகாரியின் ஜின்னில் அங்கொஸ்துராக் கசப்புச் சாறு சில துளி விட்டால் இளஞ்சிவப்பாகும். அந்தச் சாறு 1824இல் வெனிசுவேலாவில் சீகர்ட் என்ற படை வைத்தியர் வயிற்றுக்கோளாறுக்காகச் செய்த மருந்து. ஜின்னோடு சேரும் டொனிக் தண்ணீரின் கசப்பு சிங்கோனாப் பட்டையிலிருந்து வரும் கொய்னா. கோப்பிச் செடியைப் பூஞ்சை நோய் அழித்தபோது இலங்கை மலையகத் தோட்டக்காரர்கள் ஓடிப்போய் நட்டது அந்தச் சிங்கோனாவைத்தான். அடுத்து வந்த தேயிலை அதை விழுங்கியது. ஆக, வெள்ளைக்காரத் துரையின் கிண்ணத்தில் இருந்த கசப்பில் நம் மலையகத் தொழிலாளியின் வியர்வையும் உண்டு. ‘கடற்படை வலு’ என்று 57 சதவீத ஜின்னுக்குப் போடும் பெயரைப் பாருங்கள். வெடிமருந்தின் மேல் கொட்டினாலும் மருந்து பற்றவேண்டும், அதற்காக இந்த வலு என்று ஒரு கதை. கதை பழையதாக இருக்கலாம். அந்தப் பெயரைப் போத்தலில் அச்சிட்டு விற்கத் தொடங்கியதோ 1993இல், பிளிமத் நிறுவனத்தார். பழமையின் வயது அவ்வளவுதான்.

மற்றப் பாணிகளும் இப்படித்தான் உருவாயின. இங்கிலாந்து 1736இல் ஒரு ஜின் சட்டம் போட்டது. சில்லறை விற்பனைக்கான கட்டணத்தை எட்டாத உயரத்தில் வைக்க, கள்ளச்சரக்கு பெருகியது. 1751இல் நிதானமான இன்னொரு சட்டம் வந்த பிறகே தணிந்தது. அக்காலத்து மட்டச் சாராயத்தின் நாற்றத்தை மறைக்கச் சர்க்கரை போட்ட இனிப்பு ஜின்னுக்கு ‘ஓல்ட் டொம்’ என்று பெயர். 1830இல் ஈனியஸ் கொஃபி என்ற முன்னாள் மதுவரி அதிகாரி, நிறுத்தாமல் வடிக்கும் கோபுரப் பாண்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதில் சுத்தமான சாராயம் கிடைத்ததால் சர்க்கரைக்கு வேலை போனது. இன்றைய ‘லண்டன் ட்ரை’ அதன் பேரப்பிள்ளை. சட்டம் இன்னொரு கதவையும் பூட்டி வைத்தது. 1,800 லீற்றருக்குக் குறைந்த பாண்டத்துக்கு உரிமம் மறுக்கும் அதிகாரம் பிரித்தானிய வரித்துறைக்கு இருந்தது. 2009இல் சிப்ஸ்மித் என்ற சிறு வடிசாலை வாதாடி உரிமம் வாங்கியதும்தான் சிறியவர்களின் வரிசை தொடங்கியது. ‘கைவினை ஜின்’ அலையைச் சுவைப் புரட்சி என்பார்கள்; எனக்கு அது முதலில் உரிமப் புரட்சியாகத்தான் தெரிகிறது.

இப்போது இலங்கை. 1924இல் தொடங்கிய ராக்லண்ட் வடிசாலை இங்கே ஜின் வடித்தது. ஜின்னின் உயிர் ஜூனிபர்க் காய். அது இத்தாலியிலிருந்தும் போல்கன் மலைகளிலிருந்தும் வரவேண்டும். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. 1941 வசந்தத்தில் போல்கன் ஜெர்மனி கையில் விழுந்தது. மத்தியதரைக் கடல் வணிகக் கப்பல்களுக்கு ஏறக்குறைய அடைபட்டது. ஆபிரிக்காவைச் சுற்றி வந்த கப்பல்களில் எண்ணெய்க்கும் வெடிகுண்டுக்கும் போக மிச்ச இடம் ஏது? அந்த எண்ணெயையும் குண்டையும் இறக்கிய துறைமுகங்களில் திருகோணமலையும் ஒன்று. சரக்குத் தட்டுப்பாட்டில் ராக்லண்டின் கார்ல் டி சில்வா விஜேரத்ன, சுங்க அதிகாரிகளிடம் பேசி, கைக்கெட்டிய உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்துக்கொள்ள அனுமதி வாங்கினார் என்கிறது நிறுவனத்தின் வரலாறு. அந்தச் செய்முறைக் குறிப்பை வைத்து, 2018இல் ‘கொழும்பு எண் 7’ என்ற பெயரில் அந்த ஜின் இலண்டனில் அறிமுகமானது. ஏழு சரக்குகள்: ஜூனிபர், மல்லி, ஏஞ்சலிகா வேர், அதிமதுரம், கறுவா, இஞ்சி, கறிவேப்பிலை.

விற்பவன் சொல்லும் குடும்பக் கதையை வரலாறு என்று ஏற்கலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, வியாபாரி வாய்க்கதையை அப்படியே விழுங்கக்கூடாது. ஆனால் சரக்குப் பட்டியலே ஒரு சான்று. முதல் நான்கும் பல ஆங்கில ஜின்களில் காணக்கூடியவை. கடைசி மூன்றும் இந்த நாட்டு அடுக்களைச் சரக்கு. சுற்றுலாப் பயணியை மயக்க 2018இல் புதிதாக யோசித்தவன் தேயிலையையோ பலாவையோ கொண்டுவந்திருப்பான் என்பது என் ஊகம். கறிவேப்பிலையை எடுத்தவன் மணத்தை அறிந்தவன். ஜூனிபரின் பிசின் வாசத்துக்குக் காரணமான பைனீன் என்ற எண்ணெய்க்கூறு கறிவேப்பிலையிலும் உண்டு. ஒன்று குறைந்தால் அதன் இடத்தில் எதைப் போடலாம் என்று தெரிந்த கை அது. தட்டுப்பாட்டில் பிறந்த கைவண்ணம் என்று ஒத்துக்கொள்ளலாம். கைவண்ணம் மட்டும் என்று சொன்னால்தான் எனக்குச் சம்மதமில்லை.

ஜூனிபர் இந்த மண்ணில் விளையாதபோது அது நம் ஜின் ஆவது எப்படி என்பது அடுத்த தடை. பிளிமத் ஜின்னின் ஏழு சரக்கையும் எடுங்கள்: ஜூனிபர், மல்லி, ஏஞ்சலிகா, ஐரிஸ் கிழங்கு, ஏலக்காய், தோடம்பழத் தோல், எலுமிச்சைத் தோல். ஏலம் டெவன் மண்ணிலா காய்க்கிறது? ‘லண்டன் ட்ரை’ என்பதும் ஊர்ப்பெயர் அன்று, வடிக்கும் முறை, எங்கும் செய்யலாம். ஒல்லாந்தரின் கம்பனி கறுவாவைத் தன் ஏகபோகமாக்கி, திருகோணமலைக் கோட்டையையும் காத்துக் கிடந்தது. அதே ஒல்லாந்தரின் ஜெனிவர் சாராயம்தான் ஜின்னின் தாய். நம் வாசனைப் பொருட்கள் முன்னூறு ஆண்டுகள் கப்பலேறிப் போய்ப் பிறர் போத்தலில் இறங்கின. போர் செய்தது, அந்தப் பயணத்தை ஒரு முறை வெட்டியது மட்டும்தான்.

ராக்லண்ட் சின்ன வடிசாலை அல்லவே என்றால், அதுவும் உண்மை. ஆனால் சிறிய வடிசாலை இங்கே ஏன் இல்லை என்று பாருங்கள். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச்சட்டத்தின் நிழலில் உரிமம் சிலருக்கே எட்டியது. உரிமம் இல்லாத சுயேச்சைச் சிறு வடிப்பாளர் திருகோணமலை மாவட்டத்தில் என்றால் காட்டோரக் கசிப்புக்காரர்தான். அவருடைய பாணிக்குப் பெயர் சூட்டி விற்க யாரும் வரமாட்டார்கள், வரவும் வேண்டாம், அது உயிரைக் குடிக்கும். கடலுக்கு அப்பால் கோவாவில் நிலைமை வேறு. முந்திரிப் பழச்சாற்றில் ஃபெனி வடிக்கும் சிறு பாண்டங்களுக்கு அங்கே சட்டத்தில் இடம் இருந்தது. 2017இல் ‘கிரேட்டர் தேன்’, பிறகு இமயமலை ஜூனிபரோடு ‘ஹபுஸா’ என்று இந்தியாவின் புதிய ஜின்கள் அங்கிருந்துதான் கிளம்பின. மது விற்பனையை 2003முதல் அரசே வைத்திருக்கும் தமிழ்நாட்டிலிருந்து அந்த வரிசையில் ஒரு பெயரும் என் கண்ணில் படவில்லை. தமிழனுக்கு மூக்கு இல்லாமலா? மீன்குழம்புக்குக் கறிவேப்பிலை கிள்ளும் எந்தக் கையைக் கேட்டாலும் பதில் கிடைக்கும்.

குடிக்கு வரலாறு எதற்கு, தவறணையால் அழிந்த வீடுகள் போதாதா என்று எழுதப்போகும் வாசகர்களையும் அறிவேன். சாராயக் குத்தகையில் பணம் சேர்த்தே இந்த நாட்டின் பல பெரிய குடும்பங்கள் எழுந்தன. அதை எதிர்த்த மதுவிலக்கு இயக்கத்தில்தான் தேசிய அரசியல் நடை பழகியது. போத்தலை ஒளித்துவைத்து அந்தக் கதையைச் சொல்ல முடியாது.

இடம் முடிகிறது, விமானங்கள் இன்னும் வானத்தில்தான். அன்று காலை உள்துறைமுகத்தில் குண்டுபட்டு எரிந்த ‘சகாயிங்’ என்ற சரக்குக் கப்பலை, பிறகு இறங்குதுறையாகப் பயன்படட்டும் என்று பிரித்தானியரே மூழ்கடித்தார்கள். 2018 மார்ச்சில் இலங்கைக் கடற்படையினர் பல மாதம் பாடுபட்டு அதை மேலே மிதக்க வைத்தார்கள். அந்த ஆண்டேதான் கறிவேப்பிலை ஜின்னும் இலண்டன் சேர்ந்தது. சகாயிங்கிலிருந்தே அடுத்த வாரம் தொடங்குவோம்.