யூஜின் ஹேபர் அடிகளார்

மட்டக்களப்பு வாவிக்கரையிலே இளைஞர் பலரை ஆளாக்கிய இயேசு சபைத் துறவி யூஜின் ஜோன் ஹேபர் அடிகளார். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திற் பிறந்த அவர், 1948ஆம் ஆண்டு இலங்கை வந்தார். முதலில் திருகோணமலையிலும் பின்னர் மட்டக்களப்பிலும் மாணவருக்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றினார். கைத்தொழில் கற்றவன் பிறர் கையை எதிர்பாரான். கிழக்குத் தொழில்நுட்ப நிறுவகத்தின் பணிப்பாளராக அவர் ஆற்றிய தொண்டு அத்தகையது.

1990இல் மீண்டும் போர் மூண்டபோதும் அவர் மட்டக்களப்பை விட்டகலவில்லை. சமாதானக் குழுவில் இணைந்து, காணாமற் போனோருக்காகக் குரல் கொடுத்தார். ஆகஸ்ட் 15ஆம் நாள், தமிழ்ச் சிறுவன் ஒருவனுடன் வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்டார். இருவரும் வந்து சேரவில்லை. பிறரைத் தேடியவர் தாமே காணாமற் போனார்.

அன்பர் கூடி மெழுகுதிரி ஏற்ற அவருக்குக் கல்லறை இல்லை. அவரிடம் பயின்றோரின் உழைப்பிலேயே அவர் நினைவு வாழ்கின்றது.