ஆழ்கடல் சிறு சுறாக்களின் உணவுப் பழக்கம்

ஆழ்கடல் சிறு சுறாக்கள் பெரும்பாலும் 200 மீட்டருக்கும் கீழான ஆழத்தில் வாழ்பவை. முழுதாக வளர்ந்தும் ஒரு மீட்டர் நீளத்தை எட்டாதவை. சந்தையில் மதிப்பில்லாததால் இவற்றுள் பலவற்றை மீனவர்கள் தேடிப் பிடிப்பதில்லை. ஆழ்கடல் இறாலுக்கும் சிங்கி இறாலுக்கும் இழுக்கப்படும் இழுவலைகளில் இவை உடன்பிடிப்பாகச் சிக்குகின்றன. இவற்றின் உணவைப் பற்றி அறியப்பட்டவற்றில் பெரும்பகுதி, இப்படிச் சிக்கிய சுறாக்களின் இரைப்பையை ஆராய்ந்து பெறப்பட்டதே.

முதன்மை இரைகள்

சிறு மீன்கள், இறால் வகைகள், கணவாய்கள் ஆகிய மூன்றும் பெரும்பாலான இனங்களுக்குப் பொதுவான இரை. எது முந்தும் என்பது சுறாவின் இனம், வயது, வாழும் ஆழம், பருவம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும்.

வடகிழக்கு அட்லாண்டிக்கிலும் மத்தியதரைக் கடலிலும் வாழும் எட்மாப்டெரஸ் ஸ்பைனாக்ஸ், பெரும்பாலும் 45 செ.மீ.க்குள் அடங்கும் ஒளிரும் வயிற்றுச் சுறா. இதன் குட்டிகள் கிரில் போன்ற சிறு கணுக்காலிகளை மிகுதியாகத் தின்கின்றன. வளர வளர மீன்களும் கணவாய்களும் பெரிய இறால்களும் உணவில் கூடுகின்றன. மேல்தாடையின் கூரிய பற்கள் இரையைப் பற்றிக்கொள்ள, ஒன்றோடொன்று இணைந்த கீழ்த்தாடைப் பற்கள் வெட்டுகின்றன. இதனால் முழுதாக விழுங்க முடியாத இரையையும் துண்டாக்கி உண்ண முடிகிறது.

அதே கடல்களில் வாழும் கருவாய்ப் பூனைச்சுறா (கேலியஸ் மெலஸ்டோமஸ்) இறால், கிரில், விளக்கு மீன், கணவாய் எனக் கிடைப்பதைத் தின்னும். இறந்த உயிரினங்களையும் விடுவதில்லை.

குக்கிகட்டர் சுறா (இசிஸ்டியஸ் பிரேசிலியென்சிஸ்) இவற்றிலிருந்து வேறுபட்டது. சுமார் அரை மீட்டர் நீளமே உள்ள இது, சூரை மீன், டால்பின், திமிங்கிலம் ஆகியவற்றின் உடலில் உதடுகளால் ஒட்டிக்கொண்டு, கீழ்ப்பற்களால் வட்டமாகச் சதையைத் தோண்டி எடுக்கும். கணவாய்களை முழுதாகவும் விழுங்கும். உதிரும் தன் பற்களையே விழுங்கிவிடுவதும் உண்டு.

இந்தியக் கடற்பகுதி

மன்னார் வளைகுடாவிலும் காணப்படும் எரிடாக்னிஸ் ராட்கிளிஃபி, சுமார் 24 செ.மீ. வரையே வளரும், உலகின் மிகச் சிறிய சுறாக்களுள் ஒன்று. இதன் உணவையும் பைத்தலூரஸ் ஹிஸ்பிடஸ், இயாகோ ஒமானென்சிஸ் ஆகியவற்றின் உணவையும் பற்றி ஆர். வி. நாயர், கே. கே. அப்புக்குட்டன் ஆகியோர் 1973இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். எரிடாக்னிஸின் உணவில் சிறு எலும்பு மீன்கள் முதலிடம் பெறுகின்றன. இறால் போன்ற கணுக்காலிகளும் கணவாய்களும் அடுத்து வருகின்றன.

ஆய்வு முறைகள்

இரைப்பையில் கிடைக்கும் ஒவ்வொரு இரையின் எண்ணிக்கை, எடை, எத்தனை சுறாக்களில் அது காணப்பட்டது என்ற மூன்றையும் சேர்த்து அதன் முக்கியத்துவத்தைக் கணக்கிடுவர். சதை செரித்துப் போயிருந்தால், மீனின் செவிக்கல்லும் கணவாயின் அலகும் இரையை அடையாளம் காட்டும்.

இம்முறையில் பிழைக்கு இடமுண்டு. வலை மேலே வரும்போது சில சுறாக்கள் உண்டதைக் கக்கிவிடும். வேறு சில, வலைக்குள் தம்முடன் அடைபட்ட இறாலையே தின்றிருக்கும். கணவாயின் அலகு எளிதில் செரிக்காததால், உணவில் அதன் பங்கு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். எனவே தசையிலுள்ள நைட்ரஜன், கார்பன் ஐசோடோப்புகளையும் அளக்கின்றனர். உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறும்போது நைட்ரஜன்-15 அளவு ஆயிரத்தில் சுமார் 3.4 பங்கு உயர்வதால், நீண்டகால உணவு நிலையை இது காட்டும்.

சூழலியல் முக்கியத்துவம்

இச்சுறாக்களின் இரைகளில் பல, இரவில் மேல்நீருக்கு ஏறிப் பகலில் ஆழத்துக்கு இறங்குபவை. அவற்றை உண்பதன் வழியே மேற்பரப்பில் உருவாகும் சத்து அடிக்கடலைச் சென்றடைகிறது. சுறாக்களோ மெதுவாகப் பெருகுபவை. எட்மாப்டெரஸ் ஸ்பைனாக்ஸ் ஓர் ஈற்றில் 6 முதல் 20 குட்டிகளே ஈனும். மத்தியதரைக் கடலில் 1,000 மீட்டருக்குக் கீழே இழுவலை இழுப்பது 2005இல் தடை செய்யப்பட்டது. ஆனால் இறாலுக்காக வலை இழுக்கப்படும், அதைவிடக் குறைந்த ஆழங்களில் இச்சுறாக்கள் தொடர்ந்து சிக்குகின்றன.