காண்போரைக் கண்ட சிற்பங்கள்

சிற்பம் நிற்கும், காண்போர் அதனைச் சுற்றிவருவர். இதுவே உலகெங்கும் நெடுங்காலம் நிலவிய முறை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அசையும் சிற்பங்கள் தோன்றின. எனினும் அவை காற்றினாலோ பொறியினாலோ அசைந்தனவேயன்றித் தம் எதிரே நிற்பவரை அறிந்தனவல்ல. அவ்வுணர்வைச் சிற்பத்துக்கு ஊட்ட முயன்றோருள் இருவர் குறிப்பிடத்தக்கவர்.

முதலாமவர் நிக்கொலா ஷோஃபர். 1912இல் ஹங்கேரியிற் பிறந்து பாரிஸில் வாழ்ந்த இவர், பிலிப்ஸ் நிறுவனத்தின் துணையுடன் 1956இல் 'சிஸ்ப் 1' என்னும் சிற்பத்தைப் படைத்தார். ஒளியை உணரும் மின்கண்களும் ஒலிவாங்கியும் அதற்குப் புலன்களாயின. நீல நிறம் கண்டால் அது கிளர்ந்து நகரும். செந்நிறம் கண்டால் அடங்கும். அமைதியில் துள்ளும், ஓசையில் ஓயும். அதே ஆண்டில் மார்செய் நகரக் கட்டடமொன்றின் மேல்தளத்தில் மொரிஸ் பெஜாரின் நடனக் குழுவினருடன் அது ஆடியது. பின்னர் 1961இல், பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் 52 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்றை ஷோஃபர் எழுப்பினார். சூழலின் மாறுதல்களுக்கேற்ப அதன் தகடுகள் சுழன்றன. ஒளியும் ஒலியும் மாறின.

இரண்டாமவர் எட்வர்ட் இனாட்டோவிச். 1926இல் போலந்திற் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்தவர். 1968இல் லண்டன் கண்காட்சியொன்றில் இவர் வைத்த 'சாம்', ஒலி வந்த திசை நோக்கித் தலை திருப்பியது. 1970இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் 'சென்ஸ்டர்' நிறுவப்பட்டது. 15 அடிக்கு மேல் நீளமும் 8 அடி அளவு உயரமும் கொண்ட எஃகுச் சட்டம் அது. சிங்கி இறாலின் கொடுக்கு மூட்டே அதன் அமைப்புக்கு வழிகாட்டியது. நான்கு ஒலிவாங்கிகளும் இரண்டு ராடார் கருவிகளும் தந்த செய்திகளைக் கணிப்பொறி ஆராய்ந்து அதனை இயக்கியது. மெல்லப் பேசினால் தலைசாய்த்து அருகே வரும். கூச்சலிட்டாலோ திடீரென அசைந்தாலோ அஞ்சினாற்போல் பின்வாங்கும்.

அதற்கு மனம் உண்டோ என மக்கள் வியந்தனர். உண்மையில் அதற்கிடப்பட்ட விதிகள் எளியனவே. கூடத்தின் எதிரொலியும், கூட்டத்தினரின் கணிக்கவொண்ணா நடத்தையுமே அவ்வசைவுகளை அறிவுடையனபோற் காட்டின. அதாவது, சிற்பத்தில் தோன்றிய உயிரில் ஒரு பங்கு காண்போர் அளித்ததே.

எனவேதான் அதன் வீழ்ச்சியும் வேறுவகையாயிற்று. மண்ணிற் புதைந்த கற்சிலை மீண்டும் எடுக்கப்பட்டாலும் சிலையே. 1974க்குப் பின் வெறுஞ் சட்டமாக வெட்டவெளியில் நின்ற சென்ஸ்டரோ, தன்னை நோக்கி வருவோரை அறியவில்லை. 2017இல் போலந்தின் கிராக்கோவ் நகரப் பல்கலைக்கழகமொன்று அதனைப் பெற்று, மறு ஆண்டில் மீண்டும் இயங்கச் செய்தது. லியேஜ் கோபுரமும் 2016இல் புதுப்பிக்கப்பெற்றது.

இத்தகைய கலைப்பொருளைக் காப்போர் உலோகத்தை மட்டும் காத்தாற் போதாது. அது எவ்வாறு நடந்துகொண்டது என்பதையும் காத்தல் வேண்டும். அந்நடத்தையே சிற்பம், எஃகு அதன் எலும்பு.