தாது வருசமும் என் எக்செல் ஷீட்டும்: எந்த ஊர் காப்பாற்றும்?

இந்த எபிசோடு ஒரு எக்செல் ஷீட்டில் இருந்து ஆரம்பிக்குது.

போன வருஷம் நான் வேலை பார்த்த இடத்தில் ஆட்குறைப்பு நடந்தது. என் டீமில் பாதிப் பேர் ஒரே வாரத்தில் போய்ட்டாங்க. எனக்கு வேலை தப்பியது, தூக்கம் தப்பவில்லை. ராத்திரி உட்கார்ந்து, "எல்லாம் குலைஞ்சு போனால் எங்கே போய் வாழலாம்?" என்று ஒரு பட்டியல் போட்டேன். மழை அளவு, நிலத்தடி நீர், நகரத்தில் இருந்து தூரம், நிலத்தின் விலை என்று ஒவ்வொரு ஊருக்கும் மார்க். முதல் இடம் கொல்லிமலைக்கு. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், ஊற்றுத் தண்ணீர், ஏறிப் போக 70 கொண்டை ஊசி வளைவு. யாரும் சும்மா வந்துவிட முடியாது.

எங்களுக்கு மலையடிவாரத்தில், சேந்தமங்கலம் பக்கம், ரெண்டு ஏக்கர் மேட்டாங்காடு இருக்கு. அதை வித்துட்டு மேலே வாங்கலாம்னு அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒண்ணும் சொல்லலை. அம்மாயிதான் கேட்டுது: "தாது வருசத்துலயே இங்கதான் இருந்தோம் கண்ணு. இப்ப என்ன வந்துருச்சு?"

தாது வருசம்னா என்ன என்று தேடப் போனேன். என் ஷீட் அங்கேதான் உடைஞ்சது.

ரெண்டு ஜில்லா, பத்து வருஷம்

1871-ல் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்கள். அன்றைய சேலம் ஜில்லா ரொம்பப் பெரிசு. இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அதற்குள் அடக்கம். மக்கள் 19,66,995 பேர். அதே கணக்கில் தஞ்சாவூர் ஜில்லாவில் 19,73,731 பேர். வித்தியாசம் ஏழாயிரம்கூட இல்லை.

பத்து வருஷம் கழித்து, 1881-ல், தஞ்சாவூர் 21,30,383. சேலம் 15,99,595.

அதாவது சேலத்தில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் குறைந்தார்கள். எல்லாரும் செத்துப்போனார்கள் என்று சொல்ல முடியாது. ஊரை விட்டுப் போனவர்கள் உண்டு, பஞ்சத்தால் பிறக்காமலே போன பிள்ளைகள் உண்டு. ஆனால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் இல்லை. கொங்கு நாட்டுக் கிழவிகள் இன்னும் வருஷத்தின் பெயரைச் சொல்லி நினைவு வைத்திருப்பது இதனால்தான்.

நடந்தது என்ன? 1876 வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. வழக்கமாக தமிழ்நாட்டில் இந்தப் பருவத்தில் சுமார் 440 மில்லிமீட்டர் பெய்யும். அந்த வருஷம் 163 மில்லிமீட்டர்தான். சேலம் மானாவாரி நாடு. ஏரி, கிணறு, வானம், இந்த மூணும்தான் கதி. தஞ்சாவூருக்குக் காவிரி இருந்தது, கல்லணை இருந்தது. அங்கே விளைச்சலும் வந்தது, விலையும் ஏறியது, நெல் வைத்திருந்தவர்கள் லாபமே பார்த்தார்கள்.

இதுவரைக்கும் என் ஷீட் சரி. தண்ணீர் இருக்கிற ஊருக்குப் போ, அவ்வளவுதானே?

தானியம் இருந்தது

இல்லைங்க. சேலம் ஒதுங்கிக் கிடந்த ஊர் இல்லை. சென்னையில் இருந்து பேப்பூர் வரைக்கும் போகிற ரயில் பாதை 1862-லேயே முடிந்துவிட்டது. அது சேலம், சங்ககிரி, ஈரோடு வழியாகத்தான் போனது. வங்காளத்தில் இருந்து சென்னைக்கு அரிசி கப்பல் கப்பலாக வந்து கடற்கரையில் குவிந்தது. ரயில் அதை உள்ளே கொண்டுவந்தது. பிரச்சினை விலை. கூலிக்காரன் கையில் இருந்த காசுக்கும் படி அரிசியின் விலைக்கும் சம்பந்தமே இல்லாமல் போனது.

முதலில் விழுந்தது நிலம் இல்லாத கூலிக்காரர்களும் நெசவாளர்களும். பசி வந்தால் ஊர் முதலில் நிறுத்துவது புதுத்துணி வாங்குவதைத்தான். நெசவாளர் வீட்டில் தறி இருக்கு, நூல் இருக்கு, திறமை இருக்கு, சோறு இல்லை. பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1981-ல் எழுதிய புத்தகத்தில் வேறு பஞ்சங்களை வைத்து இதைத்தான் விளக்கினார்: பஞ்சம் என்பது உணவு இல்லாமல் போவது மட்டும் இல்லை, உணவைப் பெறும் வழி அறுந்து போவது.

அரசாங்கம் என்ன செய்தது? வைஸ்ராய் லிட்டன், சந்தையில் தலையிடக் கூடாது என்ற கொள்கைக்காரர். 1877 ஜனவரி 1-ம் தேதி, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்க டெல்லியில் தர்பார் நடத்தினார். அதே மாதம் சர் ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு வந்து நிவாரண வேலையின் கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடவே கொஞ்சம் சில்லறை. ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. மாகாண சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ், இதில் உடல் தாங்காது என்று சண்டை போட்டார். சில மாதங்களில் அந்த அளவைக் கைவிட்டார்கள். அதற்குள் எத்தனையோ உடம்புகள் கரைந்துவிட்டன. பின்னாடியே காலராவும் காய்ச்சலும் வந்தன.

தப்பிக்கக் கிளம்பியவர்கள் உண்டு. 1877-ல் மட்டும் தென்னிந்தியாவில் இருந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். சேலம், திருச்சி, மதுரை ஜில்லாக்காரர்கள் அதில் நிறைய. அன்றைக்கு ஒரு ஷீட் போட்டிருந்தால் இலங்கைதான் முதல் இடம். கூலி உண்டு, அரிசி உண்டு. 145 வருஷம் கழித்து, 2022 மார்ச்சில், அங்கே விலைவாசி தாங்காமல் தமிழ்க் குடும்பங்கள் படகேறி ராமேஸ்வரம் கரையில் வந்து இறங்கின. ஒரு தலைமுறைக்குப் புகலிடமான ஊர், இன்னொரு தலைமுறைக்கு விட்டு ஓடுகிற ஊர்.

அதே மழை, வேறு கணக்கு

இப்போது நான் அசந்துபோன இடம். 2016 வடகிழக்குப் பருவமழை ஞாபகம் இருக்கா? தமிழ்நாட்டில் சுமார் 168 மில்லிமீட்டர். 1876-க்கும் 2016-க்கும் ஐந்து மில்லிமீட்டர்தான் வித்தியாசம். தாது வருசம் நம்ம கண் முன்னாடியே திரும்ப வந்துட்டுப் போயிருக்கு. நான் அப்போது இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம், ஹாஸ்டலில் செமஸ்டருக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

சும்மா போகவில்லை. டெல்டாவில் பயிர் கருகியது, விவசாயிகள் உயிரை விட்டார்கள். எங்கள் காட்டில் 900 அடி போர் காற்றைத்தான் கக்கியது. தென்னை மொட்டையாக நின்றது. ஆனால் 1877 மாதிரி சாலையோரத்தில் பிணம் விழவில்லை. ஏன்? அப்பா மாசாமாசம் ரேஷன் கடையில் 20 கிலோ அரிசி வாங்கினார். எங்கள் தெருவில் பாதிப் பேர் நூறு நாள் வேலைக்குப் போனார்கள். தண்ணீர் லாரியில் வந்தது.

மழை அதே மழை, மண் அதே மண். மாறினது மனுஷங்க கட்டின ஏற்பாடு. அந்த ஏற்பாடும் தாது வருசத்தில் முளைத்ததுதான். 1880 பஞ்ச கமிஷன், அதற்குப் பின் வந்த பஞ்ச விதிகள், இருபதாம் நூற்றாண்டின் ரேஷன் என்று அது படிப்படியாக வளர்ந்தது. என் ஷீட்டில் மண்ணுக்கு எட்டு காலம் இருந்தது. ரேஷன் கடைக்கு ஒண்ணுகூட இல்லை.

"சரி, ரேஷன் கடையே விழுந்தால்?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. நாமக்கல்லின் இன்றைய பெருமைகளை எடுத்துக்கொள்ளுங்கள்: முட்டை, லாரி, திருச்செங்கோட்டு ரிக் வண்டி. மூன்றும் டீசலில் ஓடுது. கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளமும் சோயாவும் வெளி மாநிலத்தில் இருந்து வரணும். மலை மேலும் அப்படித்தான். சாமையும் தினையும் விளைந்த கொல்லிமலைக் காட்டில் இப்போது மரவள்ளி, சேகோ ஆலைக்கு இறங்குது. ஆலை வாங்காவிட்டால் அவர்களும் 1877-ன் நெசவாளர் நிலைமைதான்.

அப்புறம் ஒரு பழைய கதை. கொல்லிமலை, சேர்வராயன் மலை, பச்சைமலையில் வாழும் மலையாளி மக்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்தில் இருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் என்று சொல்வார்கள். ஆளுக்கு ஒரு மலை. யார் எந்த மலை என்பது ஊருக்கு ஊர் மாறும். கதை எவ்வளவு உண்மையோ, அதில் ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. மலை ஏறியதோடு அவர்கள் தப்பிக்கவில்லை. அங்கே புதுசாகப் பெண் எடுத்து, சம்பந்தம் கலந்து, அந்த மலைக்காரர்களாகவே ஆனார்கள். நான் போட்ட திட்டத்தில் சோலார் பேனல் இருந்தது, வேலி இருந்தது, பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. வெளியூர்க்காரன் வேலி போட்டு உட்கார்ந்தால், கஷ்ட காலத்தில் அவனுக்கு யார் ஒரு படி கொடுப்பார்கள்? நியாயமாகப் பார்த்தால், அவங்க நிலத்தில் நான் எதுக்கு?

அதனால் காட்டை விற்கவில்லை. அந்தக் காசில் மலையில் வாங்குவதை விட்டுவிட்டு, என் சேமிப்பில் பாதியைப் போட்டு தாத்தா காலத்துக் கிணற்றைத் தூர் வாரினோம். அரை ஏக்கரில் ஆரியம் விதைத்திருக்கோம். காயவைத்து தொம்பையில் போட்டால் வருஷக் கணக்கில் கெடாது என்று அம்மாயி சொல்லுது. நான் இன்னும் பெங்களூரில்தான் இருக்கேன். சம்பளம் அங்கேதான்.

ஷீட்டை அழிக்கலை. ஒரே ஒரு காலம் சேர்த்திருக்கேன்: "இந்த ஊரில் எனக்குச் சோறு போடுகிறவர்கள் எத்தனை பேர், நான் சோறு போடுகிறவர்கள் எத்தனை பேர்?" பெங்களூரில் ரெண்டுக்கும் நேர்மையாக எழுதினால் முட்டைதான். உங்கள் ஊருக்கும் எழுதிப் பாருங்கள்.